விசேஷ நாளுக்கான கவுனை நீங்களே தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையைத் தொடும் நீளத்தில் ஒரு விசேஷ கவுனைத் தாமே தைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். விலை உயர்ந்த துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் செய்யும் வேலைதான் கவுனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். ஆகவே அந்தப் பகுதியை விரிவாகவும் மற்றவற்றைத் தேவைக்கேற்பவும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நேர்த்தையல் மட்டும்தான் நன்றாக வரும். கவுன் தைக்க அது போதுமா?

பெரும்பாலும் போதும். கவுனில் இருப்பவை நேர்த்தையலும் சற்றே வளைந்த தையலும்தான்; தையல்கள் நீளமாக இருக்கும், துணி வழுக்கும் அல்லது கனக்கும், அவ்வளவே வேறுபாடு. டார்ட் (உடல் வளைவுக்குப் பொருந்தத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பது) பிடிக்கவும், ஜிப் வைக்கவும், கையால் ஹெம்மிங் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எது கைவரவில்லையோ அதைப் பழைய துணியில் நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் கவுனுக்குப் பிரின்சஸ் கட் கொண்ட மேல்பாகமும், இடுப்பிலிருந்து மெல்ல விரியும் கீழ்ப்பாகமும் உள்ள பேட்டர்ன் (துணியை வெட்ட உதவும் காகித வடிவங்கள்) நல்லது. பிரின்சஸ் கட்டில் தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ இடுப்புவரை நீளத் தையல்கள் ஓடுவதால், எங்கே இறுக்கம் தெரிந்தாலும் அந்த இடத்துத் தையலில் சிறிது விட்டுக்கொடுக்கவோ பிடிக்கவோ முடியும். டார்ட் மட்டுமே உள்ள மேல்பாகத்தில் இந்த வசதி குறைவு.

எத்தனை நாளுக்கு முன்னால் தொடங்க வேண்டும்?

வேலைக்குப் போய்க்கொண்டு மாலை நேரங்களில் மட்டும் தைப்பவருக்கு எட்டு வாரம் வேண்டும் என்பது என் கணக்கு. அதில் முதல் மூன்று வாரங்களை அளவுக்கும், மலிவான துணியில் தைத்துப் பார்க்கும் மாதிரி ஆடைக்கும் ஒதுக்குங்கள். அடுத்த மூன்று வாரங்களில் உண்மையான துணியை வெட்டித் தைக்கலாம். ஏழாவது வாரம் கீழ் ஓரத்துக்கும் கைவேலைக்கும் உரியது. எட்டாவது வாரத்தைச் சும்மா விட்டு வையுங்கள். அந்த வாரத்தில் உடல் அளவு சற்று மாறியிருப்பது தெரியவரலாம், ஜிப் ஒன்று பழுதாகலாம், காய்ச்சல்கூட வரலாம். விசேஷத்துக்கு முந்தைய இரவு மெஷின் முன்னால் உட்கார்ந்து தைத்த தையல் எதுவும் நேராக வந்து நான் பார்த்ததில்லை.

எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சாட்டின், கிரேப், ஷிஃபான், டஃபெட்டா, வெல்வெட் என்பவையெல்லாம் துணி நெய்யப்படும் முறையையும் அதனால் வரும் தன்மையையும் குறிக்கும் பெயர்கள். இழையின் பெயர்கள் அல்ல. பட்டு இழையிலும் சாட்டின் உண்டு, பாலியஸ்டரிலும் சாட்டின் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உடலில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். பட்டு வியர்வையை உறிஞ்சும், இஸ்திரிக்குப் பணியும். ஆனால் தண்ணீர்த் துளி பட்டால் கறை தங்கிவிடக்கூடும். பாலியஸ்டர் கசங்காது, துவைக்க எளிது. ஆனால் வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவைக்கும், சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் பளபளத்து இளகிவிடும்.

கையில் உள்ள துணி என்ன இழை என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, ஓர் உலோகத் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பட்டு மெதுவாக எரியும், முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும். பாலியஸ்டர் உருகிச் சுருளும், ஆறிய பிறகு முனையில் கடினமான மணிபோல ஓர் உருண்டை நிற்கும். இரண்டு இழையும் கலந்த துணியில் இந்தக் குறிகளும் கலந்தே வரும்.

புதிதாகத் தைப்பவருக்கு நான் சொல்வது நடுத்தர கனமுள்ள கிரேப். அது அதிகம் வழுக்காது, சிறு தவறுகளை அதன் மங்கலான மேற்பரப்பு மறைத்துவிடும், நன்றாகத் தொங்கும். டஃபெட்டா விறைப்பாக நிற்பதால் தைக்க எளிது, ஆனால் ஊசி குத்திய தடம் அதில் அழியாமல் நிற்கும். சாட்டினில் ஒவ்வொரு சுருக்கமும் விளக்கொளியில் தெரியும். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் மேஜையில் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். வெல்வெட்டை இரண்டாவது அல்லது மூன்றாவது கவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் மயிர்ப்பரப்பு தைக்கும்போதே ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்துவிடும்.

துணியைச் சுருளாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யாமல், ஒரு மீட்டர் அளவுக்கு விரித்து, தோளிலிருந்து கீழே விழவிட்டுப் பாருங்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கவுன் உடலோடு ஒட்டி இறங்குவதா, விலகி நிற்பதா என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் விடை உடனே கிடைக்கும்.

எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

கீழ்ப்பாகத்தின் விரிவைப் பொறுத்தது. வட்டமாக விரியும் குடைவெட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. இடுப்புச் சுற்றளவு 70 செ.மீ. என்றால், முழு வட்டத்துக்கு இடுப்பு வளைவின் ஆரம் 70-ஐ 6.28-ஆல் வகுத்து வரும் 11.1 செ.மீ.; அரை வட்டத்துக்கு 70-ஐ 3.14-ஆல் வகுத்து வரும் 22.3 செ.மீ. இடுப்பிலிருந்து நீளம் 100 செ.மீ., கீழ் மடிப்புக்கு 2 அல்லது 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 150 செ.மீ. அகலத் துணியில் முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 4.6 மீட்டரும், அரை வட்டத்துக்கு ஏறத்தாழ 2.5 மீட்டரும் தேவைப்படும். 112 செ.மீ. அகலத் துணியில் இந்த நீளம் அப்படியே அடங்காது. கீழ்ப்பாகத்தைப் பல பேனல்களாகப் பிரித்து வெட்ட வேண்டும். மேல்பாகத்துக்கு 1 மீட்டரும், தவறுகளுக்கு அரை மீட்டரும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அரை மீட்டர் வீண் செலவல்ல. ஊசி, நூல், இஸ்திரிச் சூடு எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது அதில்தான்.

அளவு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விசேஷத்தன்று அணியப்போகும் உள்ளாடையை அணிந்துகொண்டு அளவு எடுங்கள். உள்ளாடை மாறினால் மார்பின் உயரம் மாறும். உயரம் மாறினால் டார்ட்டின் முனையும் பிரின்சஸ் தையலின் வளைவும் தவறான இடத்தில் போய் நிற்கும். உங்களை நீங்களே அளந்துகொள்ள வேண்டாம். டேப்பைப் பார்க்கக் குனிந்த உடனே முதுகு நீளமும் இடுப்பு அளவும் மாறிவிடும். வேறொருவர் அளக்கட்டும், நீங்கள் நேராகப் பார்த்தபடி நில்லுங்கள்.

மார்பு, இடுப்பு, சீட் (இடுப்புக்குக் கீழே பின்பக்கம் மிக அகலமாக இருக்கும் இடம்) என்ற மூன்று சுற்றளவுகளோடு மார்புக்கு மேலே அக்குளை ஒட்டிய சுற்றளவு, தோளிலிருந்து மார்பு முனை வரையான நீளம், இரு மார்பு முனைகளுக்கு இடையிலான தூரம், பின் கழுத்திலிருந்து இடுப்பு வரையான நீளம் ஆகியவையும் வேண்டும். இடுப்பு எங்கே என்று சந்தேகம் இருந்தால் ஒரு நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளையுங்கள். அது தானாகப் போய் உட்காரும் இடம்தான் இடுப்பு.

உடலின் அளவு வேறு, ஆடையின் அளவு வேறு. மூச்சு விடவும் உட்காரவும் சற்றுத் தளர்வு வேண்டும். தோள் உள்ள கவுனுக்கு மார்பில் 5 முதல் 6 செ.மீ., இடுப்பில் 2 முதல் 3 செ.மீ., சீட்டில் 5 செ.மீ. அளவுக்குத் தளர்வு விடுவது வழக்கம். தோளே இல்லாத கவுனுக்கு மார்பில் தளர்வு கிட்டத்தட்ட வேண்டியதில்லை, ஏனெனில் அது உடலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

நான் கடையில் வாங்கும் அளவு எண்ணும் பேட்டர்னில் உள்ள எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை?

அவை வேறு வேறு அட்டவணைகள். அளவு வாரியாகக் காகித பேட்டர்ன்களை விற்கும் தொழிலை அமெரிக்காவில் எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் தொடங்கினார். அதன் பிறகு பேட்டர்ன் நிறுவனங்கள் தமக்கென ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டன. ஆயத்த ஆடை நிறுவனங்களோ ஒரே எண்ணுக்குரிய அளவைக் காலப்போக்கில் பெரிதாக்கிக்கொண்டே வந்தன. ஆகவே பேட்டர்னில் உங்கள் எண் இரண்டு மூன்று படி கூடுதலாக இருந்தால் மனம் சுணங்க வேண்டாம். உறையில் அச்சிட்ட சென்டிமீட்டரை மட்டும் பாருங்கள்.

மார்பு பெரிதாகவும் தோள் சிறிதாகவும் உள்ளவர்கள் மார்பளவை வைத்து பேட்டர்னைத் தேர்ந்தெடுத்தால் கழுத்தும் தோளும் தொளதொளவென்று வரும். அக்குளை ஒட்டிய சுற்றளவை வைத்துத் தேர்ந்தெடுத்து, மார்பில் மட்டும் பேட்டர்னைப் பெரிதாக்குங்கள். தோளைச் சரிசெய்வதைவிட மார்பைச் சரிசெய்வது எளிது.

மாதிரி ஆடை கட்டாயம் தைக்க வேண்டுமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாதிரி ஆடை என்பது மலிவான காடாத் துணியில், ஜிப்பும் லைனிங்கும் அலங்காரமும் இல்லாமல், பேட்டர்னை அப்படியே வெட்டித் தைத்துப் பார்ப்பது. கவுனின் துணி மென்மையாகத் தொங்குவதாக இருந்தால் மாதிரிக்கும் அதே கனமுள்ள பழைய துணியைத் தேடுங்கள். விறைப்பான காடாவில் சரியாக நின்ற மேல்பாகம் கிரேப்பில் சரிந்துவிடும். தையல் நீளத்தை 4 மி.மீ. வைத்துத் தைத்தால் பிரிப்பது சுலபம். துணியின் மேல் மார்பு, இடுப்பு, சீட் மட்டங்களைப் பென்சிலால் கோடாக வரைந்துவிடுங்கள். அணிந்து நிற்கும்போது அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு கோடு முன்பக்கம் மேலேறியிருந்தால் அங்கே நீளம் போதவில்லை என்று பொருள்.

பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். படுக்கைவாட்டில் ஓடும் சுருக்கம் அந்த இடம் இறுக்கம் என்கிறது. செங்குத்தாகத் தொங்கும் மடிப்பு அகலம் மிகுதி என்கிறது. சாய்வாக இழுத்துக்கொண்டு போகும் சுருக்கம் அதன் முனையில் இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. ஒருமுறை பின்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே, இரு பக்கத் தையல்களுக்கும் நடுவே, விரல் தடிமனில் ஒரு மடிப்பு படுத்துக்கிடந்தது. அகலத்தைக் கூட்டிப் பார்த்தேன், போகவில்லை. பின்னர் அந்த மடிப்பை அப்படியே விரலால் கிள்ளி, நடுவில் 2 செ.மீ. அளவுக்குப் பின் குத்தி, பக்கங்களை நோக்கிக் குறுகி மறையும்படி விட்டேன். முதுகு முழுவதும் ஒரே நொடியில் படிந்தது. அகலம் அல்ல, நடு முதுகின் நீளம்தான் கூடுதலாக இருந்தது. அந்தக் கவுனுக்கு வாங்கிய சாட்டினை முதலிலேயே வெட்டியிருந்தால் இதைக் கண்டுபிடித்தும் பயன் இருந்திருக்காது.

கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், யாரையாவது கட்டிப்பிடியுங்கள், படிக்கட்டு ஏறுங்கள். விசேஷத்தன்று இவை அனைத்தையும் செய்யப்போகிறீர்கள். திருத்தம் முடிந்த பிறகு மாதிரியைத் தையல் தையலாகப் பிரித்து, இஸ்திரி போட்டு, அதையே பேட்டர்னாக வைத்து உண்மையான துணியை வெட்டலாம்.

பாரிஸில் 1912-இல் ஆடையகம் தொடங்கி, துணியைச் சாய்வாட்டத்தில் (நூல்களின் திசைக்கு மூலைவாட்டாக) வெட்டும் கலையில் புகழ்பெற்ற மதலேன் வியோனே, தம் வடிவங்களை முதலில் ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றித்தான் உருவாக்கினார். அத்தனை கைத்தேர்ச்சி உள்ளவரே முன்கூட்டிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பொறுமை குறையும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வழுக்கும் துணியை நேராக வெட்டுவது எப்படி?

துணியை மடித்து வெட்டாதீர்கள். மடித்தால் அடியில் இருக்கும் அடுக்கு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. பேட்டர்னின் பாதித் துண்டுகளை முழுத் துண்டுகளாக வரைந்துகொண்டு ஒற்றை அடுக்கில் வெட்டுங்கள். மேஜையின் மேல் பெரிய காகிதத்தை விரித்து, அதன் மேல் துணியைப் பரப்பி, துணியின் கரையைக் காகிதத்தின் ஓரத்தோடு ஒட்டவைத்து, காகிதத்தையும் சேர்த்தே வெட்டினால் ஷிஃபான்கூட அடங்கி நிற்கும். குண்டூசிக்குப் பதிலாகக் கனமான பொருள்களை மேலே வைக்கலாம். ஊசி குத்தித்தான் ஆகவேண்டும் என்றால் தையலுக்கு விடும் ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள்.

பேட்டர்னில் உள்ள அம்புக்குறி பாவு நூலின் திசையில், அதாவது கரைக்கு இணையாக, இருக்க வேண்டும். அம்பின் இரு முனைகளிலிருந்தும் கரைவரை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு செ.மீ. பிசகினாலும் கீழ்ப்பாகம் அணிந்தபின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

சாட்டினுக்கும் வெல்வெட்டுக்கும் மேல் கீழ் உண்டு. எல்லாத் துண்டுகளும் ஒரே திசை நோக்கி இருக்க வேண்டும். இதை நான் ஒருமுறை மீறினேன். 40 செ.மீ. துணி மிச்சமாகும் என்பதற்காக, அரக்கு நிறச் சாட்டினில் பின்பக்க இடது பேனலைத் தலைகீழாக வைத்து வெட்டினேன். பகல் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியவில்லை. தைத்து முடித்து மாலையில் மின்விளக்கின் கீழ் தொங்கவிட்டபோது, அந்த ஒரு பேனல் மட்டும் நனைந்த துணிபோலக் கருத்துத் தெரிந்தது. அதே சாயத்தில் துணி மறுபடி கிடைக்கவில்லை. கீழ்ப்பாகம் முழுவதன் மேலும் அதே நிற ஆர்கன்சாவை ஓர் அடுக்காகப் போட்டுத்தான் அந்த வேறுபாட்டை மறைக்க முடிந்தது.

எந்த ஊசி, எந்த நூல்?

ஊசியின் பருமனை எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடினால் ஊசி தடிக்கும். மெல்லிய ஷிஃபானுக்கு 60/8 அல்லது 65/9, சாட்டினுக்கும் டஃபெட்டாவுக்கும் 70/10, கிரேப்புக்குத் துணியின் கனத்தைப் பொறுத்து 70/10 அல்லது 80/12, வெல்வெட்டுக்கு 80/12. ஒவ்வொரு கவுனையும் புது ஊசியோடு தொடங்குங்கள். மழுங்கிய ஊசி சாட்டினின் இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும். நூல் மெல்லிய பாலியஸ்டர் போதும்.

தையல் நீளம் மெல்லிய துணிக்கு 2 மி.மீ., மற்றவற்றுக்கு 2.5 மி.மீ. தையல் வரிசை சுருங்கினால் முதலில் ஊசியை மாற்றுங்கள், அடுத்து மேல் நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள், அதன் பிறகும் சுருங்கினால் துணிக்கு அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்தெடுங்கள். கழுத்தையும் கைக்குழியையும் வெட்டிய உடனே, வேறு எதையும் செய்யும் முன்னால், ஓரத்தை ஒட்டி ஒற்றைத் தையல் ஓட்டிவிடுங்கள். சாய்வாட்டத்தில் இருக்கும் அந்த வளைவுகள் கையில் எடுத்து வைப்பதிலேயே நீண்டுவிடும்.

தோள் இல்லாத கவுன் கீழே இறங்காமல் எப்படி நிற்கிறது?

பார்ப்பவர்கள் மார்பின் பிடிப்பால் நிற்கிறது என்று நினைக்கிறார்கள். நன்றாகத் தைத்த கவுன் இடுப்பில் நிற்கிறது. வெளித்துணிக்கு உள்ளே கெட்டியான பருத்தித் துணியில் தனியாக ஓர் உள்சட்டை தைக்கப்படுகிறது. அதன் தையல்கள் நெடுகிலும் போனிங் எனப்படும் வளையும் பட்டைகள் செருகப்படுகின்றன. அந்தப் பட்டைகள் மேல் ஓரத்தை மடிந்து விழாமல் தாங்குகின்றன. அவற்றின் பாரம் இடுப்பில் வந்து இறங்குகிறது. இடுப்பில் அதை ஏந்திக்கொள்ள உள் இடுப்புப் பட்டி ஒன்று வேண்டும்.

இந்தப் பட்டியை 2 முதல் 2.5 செ.மீ. அகலமுள்ள நீளாத நாடாவில் செய்யலாம். நாடாவை இடுப்பைச் சுற்றிச் சற்று இறுக்கமாகப் பிடித்து அளந்து, இடுப்பு மட்டத்தில் உள்சட்டையின் தையல் ஓரங்களோடு மட்டும் கையால் கட்டுங்கள். ஜிப்பின் இரு பக்கமும் 5 செ.மீ. தூரத்துக்குத் தைக்காமல் விட்டு, முனைகளில் இரண்டு ஹூக்குகள் வையுங்கள். அணியும்போது முதலில் பட்டியின் ஹூக்கை மாட்டிவிட்டுப் பிறகு ஜிப்பை ஏற்ற வேண்டும். இழுவிசை முழுவதையும் பட்டி வாங்கிக்கொள்வதால் ஜிப் சுலபமாக ஏறும், விசேஷம் முடியும்வரை கவுனை மேலே இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும் நிலையும் வராது.

போனிங் பட்டையின் முனைகளைத் தைத்த ஓரத்துக்கு 6 மி.மீ. முன்னதாகவே முடியுங்கள். முனையை மழுக்கித் துணியால் பொதியாவிட்டால் அது துணியைத் துளைத்து வெளியே வரும்.

லைனிங் அவசியமா?

விசேஷ ஆடைக்கு அவசியம் என்றே சொல்வேன். துணி உடலில் ஒட்டாமல் இறங்குவதும், உள் ஓரங்கள் தோலை அறுக்காமல் இருப்பதும் அதனால்தான். வெளித்துணி பாலியஸ்டர் என்றால், லைனிங்காவது பருத்தியாகவோ விஸ்கோஸாகவோ இருக்கட்டும். கீழ்ப்பாக லைனிங்கை வெளித்துணியைவிட 2 முதல் 3 செ.மீ. குட்டையாக வெட்டி, இரண்டின் கீழ் ஓரங்களையும் சேர்த்துத் தைக்காமல் தனித்தனியே தொங்கவிடுங்கள். கழுத்தில் லைனிங் வெளியே எட்டிப் பார்க்காமலிருக்க, தையல் ஓரங்களை லைனிங் பக்கம் சாய்த்து, லைனிங்கோடு மட்டும் சேர்த்து ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்ட வேண்டும்.

ஜிப் வைத்த இடம் அலையலையாக வருகிறது. என்ன செய்வது?

ஜிப் வைக்கும் ஓரம் தைக்கும்போது நீண்டுவிடுகிறது. அந்த ஓரத்தின் உள்பக்கத்தில் 2.5 செ.மீ. அகலத்துக்கு மெல்லிய ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) பட்டையை இஸ்திரியால் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். மறைவு ஜிப் என்றால் அதன் பற்களை இளஞ்சூட்டில் விரித்து அழுத்திக்கொண்டு, கையால் தற்காலிகத் தையல் போட்டு நிறுத்தி, இரு பக்கத்தையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் தையுங்கள். இடுப்புத் தையல் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் சந்திக்கிறதா என்று ஜிப்பை மூடிப் பார்த்த பிறகே இறுதித் தையல்.

வெல்வெட்டிலும் மணி பதித்த துணியிலும் சாதாரண ஜிப்பைக் கையாலேயே வையுங்கள். வெளியே ஊசிமுனை அளவு மட்டும் தெரியும் பின்தையல்களை 6 மி.மீ. இடைவெளியில் இட்டுக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஷிஃபானின் ஓரம் பிசிறாமல் தைக்க ஓவர்லாக் மெஷின் வேண்டுமா?

வேண்டாம். வெளியிலிருந்து தெரியும் துணிக்கு மூடிய தையல்தான் அழகு. துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து 6 மி.மீ. விட்டுத் தையுங்கள். ஓரத்தை 3 மி.மீ. அளவுக்கு நறுக்குங்கள். திருப்பிப் போட்டு அழுத்தி, இப்போது வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, 9 மி.மீ. விட்டு மறுபடி தையுங்கள். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். மொத்தம் 1.5 செ.மீ. தையலுக்கு விட்டிருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தைத்த பிறகும் வீட்டில் தைத்தது என்று தெரிகிறது. ஏன்?

இஸ்திரி போதவில்லை. ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் குறுக்கே வரும் முன்பே அழுத்திவிட வேண்டும்: முதலில் தைத்தபடியே, பிறகு ஓரங்களை விரித்து, பிறகு வெளிப்பக்கம் துணி போர்த்தி. இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் வைத்து எடுங்கள். இழுத்தால் சாய்வாட்டத் துணி நீளும். தையல் ஓரங்களின் தடம் வெளிப்பக்கம் பதியாமலிருக்க, அவற்றுக்கு அடியில் காகிதப் பட்டையைச் செருகி அழுத்துங்கள். மார்பு வளைவுகளைச் சமதளத்தில் அழுத்தக் கூடாது. ஒரு துண்டை இறுகச் சுருட்டிக் கட்டி, அதன் மேல் வைத்து அழுத்துங்கள். வெல்வெட்டை இன்னொரு வெல்வெட் துண்டின் மேல் முகம் கவிழ்த்து, ஆவி மட்டும் காட்டுங்கள்.

கீழ் ஓரத்தை எப்போது மடிப்பது?

கடைசியில், தொங்கவிட்ட பிறகு. வட்டமாக வெட்டிய கீழ்ப்பாகத்தில் சில இடங்கள் பாவின் திசையிலும் சில இடங்கள் சாய்வாட்டத்திலும் இருக்கும். சாய்வாட்டத்தில் உள்ள இடங்கள் தம் எடையாலேயே நீளும். அக்காவுக்குத் தைத்த ஷிஃபான் கவுனை இரவு தொங்கவிட்டு, காலையில் தரையிலிருந்து அளந்தபோது, முன் நடுவில் ஓரம் இருந்த இடத்திலேயே இருந்தது; இரு பக்கமும் சாய்வான இடங்களில் 4 செ.மீ. கீழே இறங்கியிருந்தது. முந்தைய நாளே மடித்திருந்தால் மண்டபத்தில் ஓரம் வளைந்து வளைந்து தெரிந்திருக்கும்.

ஆகவே குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறகு அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வேறொருவர் தரையிலிருந்து அளவுகோலை நிறுத்தி, உங்களைச் சுற்றி வந்து குறிக்கட்டும். நீங்கள் திரும்பக் கூடாது. முன்பக்கம் தரைக்கு 2 செ.மீ. மேலே இருந்தால் நடக்கும்போது காலில் சிக்காது. வட்ட ஓரத்துக்கு 1 செ.மீ.க்குக் குறைவான சுருட்டுமடிப்பே பொருந்தும். அகல மடிப்பு வளைவில் சுருங்கும். நேரான ஓரமுள்ள கிரேப்புக்கு 4 முதல் 5 செ.மீ. மடிப்பு வைத்து, வெளித்துணியில் ஒரே ஓர் இழையை மட்டும் ஊசியால் அள்ளி, நூலை இறுக்காமல் தையுங்கள்.

மணியும் சீக்வின்ஸும் பதித்த துணியை எப்படித் தைப்பது?

தையல் கோட்டிலும் அதற்கு வெளியேயும் உள்ள மணிகளை முதலில் அகற்றுங்கள். நூலை அறுத்தால் பக்கத்து மணிகளும் உதிரும் என்பதால், மணியை இடுக்கியால் நொறுக்கி எடுப்பது வழக்கம். அப்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். தைத்த பிறகு ஏற்படும் வெற்றிடங்களை, எடுத்து வைத்த உதிரி மணிகளால் கையால் நிரப்புங்கள்.

விசேஷம் முடிந்த பின் எப்படிப் பாதுகாப்பது?

மறுநாளே கறை பாருங்கள். இனிப்புப் பானத்தின் கறை அன்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, சில மாதங்களில் பழுப்பாக வெளிப்படும். கனமான கவுனையும் சாய்வாட்டத்தில் வெட்டியதையும் தொங்கவிட்டே வைத்தால் தோளும் ஓரமும் நீளும்; மடிப்புகளுக்கு இடையே அமிலமற்ற காகிதம் வைத்துப் பெட்டியில் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பருத்தி உறை போதும். மிஞ்சிய துணியில் ஒரு கையகலத் துண்டு, அதே நூல், இரண்டு ஹூக், உங்கள் அளவும் செய்த திருத்தங்களும் எழுதிய தாள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். பக்கத் தையல்களில் 2.5 செ.மீ. விட்டுத் தைத்திருந்தால், சில ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும்போது அவற்றைப் பிரித்து அதே கவுனைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.